வாடகை பாக்கி விழுந்தால்: கோவை ஸ்டோரேஜ் அறையா, ஈரோட்டு மஞ்சள் குடோனா?

வீடு மாறும்போது கட்டில், பீரோவை கோவையில் ஒரு ஸ்டோரேஜ் அறையில் போட்டு வைக்கிறோம். ஈரோட்டில் விவசாயி மஞ்சள் மூட்டைகளைக் குடோனில் அடுக்குகிறார். வாடகை இரண்டு மாதம் நின்றுபோனால் இருவர் நிலையும் ஒன்றல்ல.

குடோன் 2007ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டத்தின்படி பதிவு பெற்றதாக இருந்தால், பாக்கிக்காகச் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. ஆனால் எழுத்தில் நோட்டீஸ் தராமல் ஏலம் விட முடியாது. விவசாயிக்கு அந்த அவகாசம் பெரிய விஷயம். விலை ஏறும்வரை காத்திருக்கத்தானே மூட்டையை அடுக்கினார்!

ஸ்டோரேஜ் அறைக்கென்று இங்கே தனிச் சட்டம் கிடையாது. நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் முதலில் பேசும். எத்தனை நாள் தாமதமானால் பூட்டுவார்கள், பொருளை விற்கலாம் என்று எழுதியிருக்கிறதா, அபராதம் எவ்வளவு என்பதை அன்றே படித்துவிட வேண்டும். அம்மாவின் பித்தளைக் குடத்துக்கு ஏலத்தில் என்ன விலை வந்துவிடப் போகிறது? பிடித்து வைப்பது வேறு, விற்பது வேறு. நோட்டீஸ் இல்லாமல் விற்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். வாடகையாகச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

என்னைக் கேட்டால், பதிவு பெற்ற குடோனில்தான் பாதுகாப்பு கூடுதல். வீட்டுச் சாமானுக்கு அது சரிப்படாது என்பதால், பணம் முடையானால் முன்கூட்டியே தவணை கேட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.