காந்த சம்ப் நட், 5,000 கிலோமீற்றருக்குப் பிறகு

கிளிநொச்சியில் பழைய கொரொல்லா ஒன்று ஓட்டுகிறேன். கடந்த முறை ஒயில் மாற்றும்போது காந்தம் பொருத்திய சம்ப் நட் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பில், ஒயில் வடிக்கும் துளையை மூடும் நட்) போட்டேன். நேற்றுக் கழற்றினோம். காந்த முனையில் கறுப்புக் களிம்பு போல ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் மை மாதிரி வழுவழுப்பு, துகள் எதுவும் குத்தவில்லை. இது வழக்கமான தேய்மானம்தான். செதில் செதிலாக இரும்பு ஒட்டியிருந்தால்தான் பயப்பட வேண்டும். எஞ்சினைத் திறக்காமலே அதன் நிலைமை தெரிகிறதே, எனக்கு அதுவே பெரிய பயன்.

தேய்மானம் குறைந்ததா என்று ஒரு தடவையில் சொல்ல முடியாது. ஃபில்டரில் தப்பும் நுண்ணிய இரும்புத் தூளைக் காந்தம் பிடிக்கும், சரி. ஆனால் அலுமினியமும் செம்பும் ஒட்டாது. நம் கிரவல் வீதிப் புழுதியும் ஒட்டாது. வன்னியில் எஞ்சினைத் தின்பது அந்தப் புழுதிதான். எயர் ஃபில்டரைக் கவனிக்காதவர்கள் முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

வாங்கும்போது புரியளவைப் பாருங்கள். என் காருக்கு 12 மில்லிமீற்றர் விட்டம், புரிக்குப் புரி இடைவெளி 1.25 மில்லிமீற்றர். கடையில் முதலில் தந்தது 1.5. கையால் இரண்டு சுற்றிலேயே இறுகிவிட்டது. பலவந்தம் பண்ணியிருந்தால் சம்ப் போயிருக்கும். வொஷரும் புதிதாகப் போட்டேன், ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை.