சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்கவைக்க எது நல்லது: பவர்டாப், டிஎல்பி, சொந்த யூடெவ் விதி

நான் லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் கடைகள் பெரும்பாலும் வண்ணாரப்பேட்டை, மண்ணடி, ராயபுரம் பக்கம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஒரு பார்கோடு ஸ்கேனர், ஒரு பில் பிரிண்டர். கரண்ட் போனாலும் பில் போடுவது நிற்கக் கூடாது. பேட்டரி பழசு, அதனால் கால் மணி நேரம் கூடுதலாகத் தாங்கினாலும் கடைக்காரருக்குப் பெரிய உதவி.

இதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே வழி இருக்கிறது. 2009-இல் வந்த 2.6.32 பதிப்பிலிருந்து லினக்ஸில் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் உண்டு. மொத்த மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேலையில்லாத சாதனத்தை மட்டும் தூங்கவைத்து, தேவைப்பட்டால் எழுப்பும். ஒவ்வொரு சாதனத்துக்கும் ‘பவர்’ டைரக்டரியில் ‘கன்ட்ரோல்’ என்று ஒரு கோப்பு. அதில் ‘ஆன்’ என்றால் எப்போதும் விழிப்பு, ‘ஆட்டோ’ என்றால் தூங்கலாம். பவர்டாப் (மின்செலவை அளந்து குறைக்கும் கருவி), டிஎல்பி (பேட்டரியை மிச்சப்படுத்தும் புரோகிராம்), யூடெவ் (சாதனம் சொருகியதும் நாம் எழுதிய விதியை அமல்படுத்தும் லினக்ஸ் பகுதி) மூன்றும் கடைசியில் எழுதுவது இதே கோப்பில்தான். எதில், எப்போது எழுதுகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

பவர்டாப்பின் ஆட்டோ-டியூன் ஒரே கட்டளையில் தன் பட்டியலில் இருப்பதையெல்லாம் மாற்றிவிடும். எந்தச் சாதனம் கடைக்கு உயிர்நாடி என்று அதற்குத் தெரியாது. ரீபூட் செய்தால் எல்லாம் பழையபடி, பிறகு சொருகிய சாதனத்துக்கும் அது பொருந்தாது. ஆனால் அளந்து பார்க்க அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. பேட்டரியில் ஓடும்போது எத்தனை வாட் போகிறது என்று காட்டும். அதற்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யுஎஸ்பி-யில் வழக்கமான காத்திருப்பு 2 விநாடி. அதற்குள் வேலை எதுவும் வராவிட்டால் கெர்னல் அந்த போர்ட்டை நிறுத்துகிறது. பஸ்ஸில், அதாவது யுஎஸ்பி இணைப்பில், 3 மில்லிவிநாடி அமைதியைக் கண்டதும் சாதனம் தூங்கப்போகிறது. கடைப்பையன் டிரிகரை அழுத்தினால் ஸ்கேனர்தான் ஹோஸ்ட்டை, அதாவது லேப்டாப் பக்கத்தை, எழுப்ப வேண்டும். எழுப்பும் சிக்னலுக்கே குறைந்தது 20 மில்லிவிநாடி ஆகும். அந்த இடைவெளியில் படித்த எண்ணைத் தன்னிடம் பிடித்துவைக்காத ஸ்கேனர்கள் உண்டு. சிவப்பு வெளிச்சம் வரும், பீப் அடிக்கும், ஆனால் ஸ்கிரீனில் பார்கோடின் 13 இலக்கத்தில் முதல் சிலது காணாமல் போயிருக்கும். எழுப்பத் தெரியாது என்று ஒழுங்காக அறிவிக்கும் கீபோர்டு வகைச் சாதனத்தைக் கெர்னல் தூங்கவைக்காது. தெரியும் என்று சொல்லிவிட்டுச் சரியாகச் செய்யாதவைதான் சிக்கல். தீபாவளிக் கூட்டத்தில் எம்.சி. ரோடு கடை ஒன்றில் இப்படி நடந்தால் வரிசை வாசலைத் தாண்டிப் போய்விடும்.

டிஎல்பி இங்கே நிதானமாக நடந்துகொள்கிறது. கரண்டில் ஒரு அமைப்பு, பேட்டரியில் வேறு அமைப்பு என்று வைக்கலாம். மவுஸ், கீபோர்டு வகைகளை யுஎஸ்பி தூக்கத்திலிருந்து தானாகவே விலக்கிவிடும். பெரும்பாலான ஸ்கேனர்கள் கீபோர்டாகத்தான் தெரியும், அதனால் தப்பிக்கும். ஆனால் அதே ஸ்கேனரை சீரியல் போர்ட் மோடில் வைத்திருந்தால் டிரைவர் வேறு, அந்த விலக்கு பொருந்தாது. அதன் ஐடியை (யுஎஸ்பி அடையாள எண்ணை) நீங்களே விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வீட்டு லேப்டாப்புக்கு டிஎல்பியே போதும் என்பேன்.

கடைக் கவுன்டருக்கு என் ஓட்டு யூடெவ் விதிக்கு. தயாரிப்பாளரைக் காட்டும் வென்டர் ஐடி, மாடலைக் காட்டும் புராடக்ட் ஐடி இரண்டையும் எழுதி, ஸ்கேனருக்கு ‘ஆன்’, வெப்கேமுக்கு ‘ஆட்டோ’ என்று சொல்லிவிட்டால், எந்த போர்ட்டில் சொருகினாலும் சொருகிய கணமே அமலாகும். ரீபூட்டுக்கும் தாங்கும். காத்திருப்பையும் சாதனத்துக்குச் சாதனம் மாற்றலாம். தொல்லை ஒன்றுதான்: வேறு மாடல் ஸ்கேனர் வாங்கினால் புது விதி எழுத வேண்டும்.

பிசிஐ, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை மெஷினுக்குள் இணையும் வழி, அந்தப் பக்கம் கதை வேறு. அங்கே கெர்னல் ஆரம்பத்தில் ‘ஆன்’ என்றே வைக்கும், சில டிரைவர்கள் மட்டும் தாமே அனுமதி கொடுக்கும். தூக்கத்திலும் ஆழம் உண்டு. மின்சாரம் துண்டிக்கப்படாமல் தூங்கும் டி3-ஹாட் நிலையிலிருந்து எழ 10 மில்லிவிநாடி. அதைவிட ஆழமான டி3-கோல்டில் மின்சாரமே துண்டிக்கப்படுவதால் 100 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை டிசைன் போடுபவருடைய லேப்டாப் மாதிரி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இதைக் கவனியுங்கள். டூரிங் தலைமுறை என்விடியா கார்டு பிசிஐ-யில் ஒரே சாதனமாக இல்லாமல், கிராஃபிக்ஸ், ஆடியோ, யுஎஸ்பி, டைப்-சி கன்ட்ரோலர் என்று நான்காகத் தெரியலாம். மூன்று தூங்கி ஆடியோ மட்டும் ‘ஆன்’ என்று நின்றாலும் கார்டு முழுக்க டி3-கோல்டுக்குப் போகாது. இங்கே ஒவ்வொன்றாக விதி எழுதுவதைவிட டிஎல்பி மொத்தமாக ‘ஆட்டோ’ வைப்பது சுலபம். அதனால் அப்படிப்பட்ட மெஷினில் பிசிஐ-யை டிஎல்பியிடம் விட்டுவிட்டு, அதன் யுஎஸ்பி பகுதியை அணைத்து, யுஎஸ்பி-க்கு மட்டும் என் விதிகளை வைக்கிறேன். இரண்டும் ஒரே சாதனத்தில் கை வைத்தால் கடைசியில் எழுதியதுதான் நிற்கும்.

எதைப் போட்டாலும், அதே பவர் டைரக்டரியில் ‘ரன்டைம் ஸ்டேட்டஸ்’ கோப்பைத் திறந்து பாருங்கள். ‘ஆட்டோ’ வைத்த பிறகும் ‘ஆக்டிவ்’ என்றே நின்றால், ஏதோ ஒரு புரோகிராம் அந்தச் சாதனத்தைத் திறந்து வைத்திருக்கலாம், அல்லது அதன் கீழ் தொங்கும் வேறொன்று விழித்திருக்கலாம். கீழே இருப்பது தூங்காமல் பொதுவாக மேலே இருப்பது தூங்காது, அதனால் தேடலைக் கீழிருந்தே தொடங்குங்கள்.