பாழடைந்த தோட்ட வீடுகளுக்குக் ‘கம்போங் அடிடாஸ்’ போதுமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் கைவிடப்பட்ட தோட்ட லயங்களையும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ரப்பர் புகைக்கூடங்களையும் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் பலர், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போடும் ‘கம்போங் அடிடாஸ்’ என்ற கறுப்பு ரப்பர் காலணியைத்தான் வாங்குகிறார்கள். விலை பெரும்பாலும் 20 ரிங்கிட்டுக்குள்.

செப்டம்பர், அக்டோபர் மழைச் சேற்றில் பிடிப்பு அருமை. அடியிலுள்ள குமிழ்கள் மண்ணில் இறங்கி நிற்கும். பாசி படிந்த சிமெண்டில் கதை வேறு. குமிழ்களின் நுனி மட்டுமே தரையைத் தொடுவதால் வழுக்கும்.

பெரிய குறை ஆணி. அடியில் இரும்புத் தகடு கிடையாது. பெயர்ந்த பலகையில் நிமிர்ந்து நிற்கும் துரு ஆணி நேரே பாதத்தில் ஏறும். வீட்டுக்குள் நுழையுமுன் தகடு வைத்த பாதுகாப்பு பூட்ஸுக்கு மாறுங்கள். மரத்தரையில் ஆணி வரிசை மேலேயே கால் வையுங்கள், அடியில் பலகையைத் தாங்கும் மரச்சட்டம் ஓடுவது அங்கேதான். அந்தச் சட்டத்தையும் கரையான் விட்டுவைத்திருக்காது, குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு எடை கொடுங்கள்.

ரப்பர் இளகாது. ஓர் அளவு பெரிதாக எடுத்து, முழங்கால்வரை தடித்த காலுறை போடுங்கள். இல்லையேல் குதிகால் உரியும், அட்டையும் ஏறும். காற்றுப் புகாது, நாற்றம் நிச்சயம்.