ஸ்வெல்ட்டுடன் நான்கு ஆண்டுகள்

ரியாக்ட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "ஸ்வெல்ட் கற்றுக்கொள்ளலாமா? படும் பாட்டுக்குப் பலன் உண்டா?" என்று சென்ற வாரம் கேட்டார். இரண்டுமே ஜாவாஸ்கிரிப்ட்டில் வலைச்செயலிகளின் திரையை உருவாக்க உதவும் கருவிகள். அன்றுதான் எங்கள் செயலியை ஸ்வெல்ட்டின் ஐந்தாம் பதிப்புக்கு மாற்றி முடித்திருந்தேன். களைப்பில் ஏதோ சொல்லிவைத்தேன். முழுப் பதில் இது.

2021இல், மூன்றாம் பதிப்பில் தொடங்கினேன். ஓர் அச்சகத்துக்குப் பில் போடும் செயலி. ரியாக்ட்டில் ஓர் எண்ணைக் கூட்டிக் காட்டவே யூஸ்ஸ்டேட் என்ற செயற்கூற்றை அழைத்து, மதிப்பை மாற்றத் தனியே இன்னொரு செயற்கூறு வாங்க வேண்டும். அன்றைய ஸ்வெல்ட்டில் சாதாரண 'லெட்' மாறியே போதுமாக இருந்தது. மதிப்பு மாறினால் திரையும் மாறும். ரியாக்ட்டைப் போலப் பக்கத்தின் நகலை நினைவகத்தில் வைத்து ஒப்பிடும் மெய்நிகர் டாம் கிடையாது. எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பதை, நாம் எழுதியதை ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றித்தரும் கம்பைலரே முன்கூட்டி எழுதிவிடுகிறது. இரண்டு வாரத்தில் முதல் பக்கங்கள் தயாராகிவிட்டன. அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஆனால் அந்த ஒரு வரி! பில்லில் புது உருப்படியை அரேயில், அதாவது பட்டியலில், புஷ் செய்தால் அதன் கடைசியில் சேரும், திரைக்கு வராது. மதிப்பேற்றும் சமக்குறியைத்தான் கம்பைலர் கவனித்தது. ஆகவே அடுத்த வரியில் 'உருப்படிகள் = உருப்படிகள்' என்று எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி, வீண் வரி என்று அதை அழித்துவிட்டார். அவர்மேல் தவறே இல்லை; ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த யாரும் அழித்திருப்பார்கள். மறுநாள் காலை அச்சகத்திலிருந்து அழைப்பு: "500 நோட்டீஸ் சேர்த்தேன், பில்லில் ஏறவில்லையே தம்பி?"

2024 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு இதைத் தீர்த்துவிட்டது. டாலர் ஸ்டேட் ($state) என்று அறிவித்த அரேயில் புஷ் செய்தாலே போதும். அந்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்தபோது மனம் குளிர்ந்தது. கூடவே, மதிப்பு மாறும்போது தானே மீண்டும் இயங்கட்டும் என்று டாலரும் முக்காற்புள்ளியும் ($:) போட்டு நான்காண்டுகள் எழுதிய வரிகளும் காலாவதியாகின. ஒவ்வொன்றையும் டெரைவ்டா (வேறு மதிப்பிலிருந்து கணக்கிட்டு வருவதா), எஃபெக்ட்டா (மாற்றத்தால் நடக்கும் செயலா) என்று பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. மாற்றித்தரும் கருவி உண்டு; தீர்மானிக்க முடியாத இடங்களில் அது பழைய முறையைத் தாங்கும் 'ரன்' என்பதைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எங்களிடம் அப்படிப்பட்ட இடங்கள்தான் அதிகம். நான்கு இரவுகள் போயின. பழைய முறையில் எழுதிய காம்பொனென்ட்டுகளும் (திரையின் துண்டுகள்) புதியவையும் ஒரே செயலியில் சேர்ந்து ஓடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் மாற்றும்படி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தும் கோபம் வருகிறது. பழகிய கை அல்லவா?

நண்பரே, இப்போது வேண்டாம். உங்கள் வேலை ரியாக்ட்டில், வீட்டில் கைக்குழந்தை, மாலையில் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில், ஒரு பொருளில் நடக்கும் மாற்றங்களை இடைமறித்துக் கவனிக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட்டின் ப்ராக்ஸி எப்படி இயங்குகிறது என்று படியுங்கள். புஷ் செய்ததும் திரை மாறுவது அதனால்தான். வேறு எங்கு போனாலும் அது உதவும்.

அச்சகத்துக்கு அடுத்ததாக இருப்புக் கணக்குச் செயலி கேட்டிருக்கிறார்கள். அதை நான் ஸ்வெல்ட்டில்தான் தொடங்கியிருக்கிறேன்.