இரண்டு மாடிக் கம்பிக் கூண்டு: லவ் பேர்ட்ஸுக்குச் சரி, கினிபிக்குக்கு ஆகாது

அட்டைப்பெட்டியில் முயல், கினிபிக், ஹாம்ஸ்டர் மூன்றின் படமும் போட்டிருக்கிறது. மூன்றும் சந்தோஷமாகத்தான் இருக்கின்றன. நான் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த இரண்டும் வெல்டிங்குக்கு.

பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ரிடையர் ஆனவன் நான். கூண்டைப் பிரித்ததும் கண் போனது ஒட்டுகள் மேல்தான். ஸ்பாட் வெல்டு எல்லாம் ஒரே சீர், எங்கேயும் பிசிர் இல்லை, கம்பி முனை ஒன்றுகூட வெளியே நீட்டவில்லை. கால்வனைஸ் பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன், உரியவில்லை. கதவுக் கொக்கியைப் பூனை தட்டித் திறக்க முடியாது. செய்த கையில் குறையே இல்லை. இது எந்தப் பிராணிக்கு என்று முடிவு செய்தவர் அந்தப் பிராணியைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பேத்தி வளர்க்கும் பொரிக்காக என் மச்சினன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது இது. பொரி என்றால் வெள்ளையும் காவியும் கலந்த கினிபிக். கொத்தமல்லிக்கட்டு பிரிக்கும் சத்தம் கேட்டாலே 'வீக் வீக்' என்று வீட்டையே எழுப்பிவிடும்.

தரைக்கு வருவோம். அரை அங்குலக் கட்டம் போட்ட வலை. புழுக்கை கீழே தட்டில் விழும், தட்டை இழுத்துக் கொட்டினால் முடிந்தது என்று விளம்பரம். உண்மைதான், பெருக்குகிறவருக்குச் சுகம். மேலே நிற்கிறதே, அதற்கு? கினிபிக்கின் உள்ளங்காலில் முடி கிடையாது. முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூன்று. வளர்ந்தது ஒரு கிலோ வரைக்கும்கூட இருக்கும். அவ்வளவு பாரமும் மெல்லிய தோலில், தோல் கம்பியில். நாம் வெறுங்காலோடு ஏணிப்படியில் பொழுதெல்லாம் நிற்பதுபோல. நகமோ விரலோ கட்டத்தில் மாட்டி, பயந்து இழுத்தால் எலும்பே முறியலாம்.

மாடிக்குப் போகிற சாய்வும் அப்படித்தான், செங்குத்து. கினிபிக் மரமேறும் ஜாதியில்லை, பெரிதாகத் தாவவும் செய்யாது. அதனால் மேல்மாடியைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். கீழ்த்தளம் மூன்று சதுர அடிதான் தேறுகிறது. ஒரு கினிபிக்குக்குக் குறைந்தது ஏழரைச் சதுர அடி வேண்டும் என்பார்கள்.

கொஞ்ச நாளில் பொரி இடது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தது. கத்தவில்லை, கடிக்கவில்லை. மூலையில் சுருண்டு உட்கார்ந்துகொண்டது. வேட்டைக்கு இரையாகிற பிராணிகள் வலியை வெளியே காட்டாது. காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதானே? தீனியைப் பாதி வைத்துவிட்டது. அதற்குத்தான் பயப்படவேண்டும். கினிபிக்கின் வயிறு ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய இயந்திரம், அரை நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஆபத்து.

தீனி வாங்கும் கடைப் பையன், "ஒண்ணுமில்லைங்கய்யா, அமாக்சிசிலின் பாதி மாத்திரை கரைச்சு ஊத்துங்க, நாய்க்கெல்லாம் அதுதான்" என்றான். என் வீட்டம்மா, "நாய்க்குன்னா நாய்க்குக் குடு" என்று சொல்லிவிட்டுத் துணிப்பையை எடுத்துவிட்டாள். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா இந்தக் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அமாக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் இதன் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, உயிரே போய்விடுமாம். இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு வரியையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பிலிருந்து விரல் வரைக்கும் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. காலைத் திருப்பினால் உள்ளங்கால் சிவந்து, நடுவில் பொருக்குத் தட்டியிருந்தது. உடனே கேட்டார்: "கம்பித் தரைக் கூண்டா?" பெட்டியைப் பார்க்காமலே சொல்லிவிட்டார். அப்படியே விட்டால் சீழ் பிடித்து எலும்பு வரைக்கும் போகுமாம்.

அடுத்த கேள்வி, என்ன சாப்பிடுகிறது என்று. மனிதனைப் போலவே கினிபிக்கின் உடம்புக்கும் வைட்டமின் சி தயாரிக்கத் தெரியாது. குறைந்தால் மூட்டு வீங்கும், நொண்டும், புண் ஆறாது. சுற்றி நின்ற மாணவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார்: 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிபிக்குகளுக்குத் தானியம் மட்டும் போட்டு வளர்த்தபோது, கப்பல்காரர்களுக்கு வரும் ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், அவற்றுக்கும் வந்ததாம். கடையில் தருகிற தீனி உருண்டையில் வைட்டமின் சேர்த்திருந்தாலும், தயாரித்து மூன்று மாதம் போனால் பெரும்பாலும் சத்து இறங்கிவிடும். பாக்கெட்டில் தேதி பாருங்கள். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தும் வெளிச்சம் பட்டால் வீணாகிவிடும்.

வலிக்கு மெலாக்சிகம், எடை பார்த்துச் சொட்டுக் கணக்கில். வீட்டில் இருக்கும் குரோசினெல்லாம் கூடாது. எடையைத் தினமும் சமையலறைத் தராசில் பார்க்கச் சொன்னார். பேத்திக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி போதும், நோயில் கொஞ்சம் கூட. விதை எடுத்த குடைமிளகாய் ஒரு துண்டு, கொத்தமல்லி, எப்போதாவது கொய்யா. நெல்லிக்காயை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முக்கியத் தீனி புல்தான். பிள்ளையார் கோயில் வாசலில் மாலை கட்டுகிற அம்மாவிடம் அருகம்புல் வாங்கி, அலசி வைக்கிறேன். பிள்ளையாருக்குப் போக மிச்சம் பொரிக்கு.

கூண்டை என்ன செய்தேன் என்றால், சாய்வையும் மாடியையும் கழற்றினேன். பக்கச் சட்டங்களோடு வீட்டில் கிடந்த கம்பிச் சட்டங்களையும் சேர்த்துக் கட்டி, ஹாலில் எட்டுச் சதுர அடிக்குத் தொட்டி மாதிரி நிறுத்தினேன். தரைக்கு போர்டு எழுதும் கடையில் சன்பேக் என்ற பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் பழைய போர்வை, அதன்மேல் காய்ந்த புல். போர்வை தினமும் மாற்றவேண்டும். ஈரமாக விட்டால் கம்பியை எடுத்தும் பலனில்லை. பால்கனியில் வைக்கவில்லை, மெட்ராஸ் வெயிலில் கம்பி காயும், கினிபிக்குக்குச் சூடு ஆகாது. பொருக்கு உதிர்ந்து, இப்போது நாலு காலையும் ஊன்றி ஓடுகிறது.

விற்றவருக்கு எழுதினேன். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது, ஐந்து நட்சத்திரம் போட்டால் அடுத்த வாங்கலில் தள்ளுபடி என்று பதில் வந்தது. லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அந்தத் தரை வலை எங்கள் மொட்டைமாடியில் வடகத்தின்மேல் கவிழ்த்துக் கிடக்கிறது. காக்காய் ஒன்றும் செய்ய முடியவில்லை.