சின்னத் தொட்டியில் எந்த மூலிகை தாக்குப்பிடிக்கும்? என் பால்கனி அனுபவம்

சென்னையில் எங்களுடையது மேற்கு பார்த்த பால்கனி. காலை முழுக்க நிழல், மதியத்துக்கு மேல் சுள்ளென்று வெயில். பல வருடங்களாக இங்கே 6 அங்குலம், 8 அங்குலத் தொட்டிகளில்தான் மூலிகை வளர்க்கிறேன். நர்சரியில் பார்க்கும்போது எல்லாச் செடியும் செழிப்பாகத்தான் இருக்கும். சின்னத் தொட்டியில் மண்ணும் கொஞ்சம், ஈரமும் கொஞ்சம் என்பதால் பங்குனி, சித்திரை வெயிலில் தொட்டி சூடேறி வேர் வெந்துபோகும். அதனால் வேர் எப்படிப் போகும் செடி என்று கேட்டுத்தான் வாங்குகிறேன்.

எனக்கு முதலிடம் கற்பூரவல்லிக்கு. சிலர் ஓமவல்லி என்பார்கள். தடித்த இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் ஒருநாள் தண்ணீர் விடாவிட்டாலும் வாடாது. கணுவோடு ஒரு குச்சி ஒடித்து நட்டால் வந்துவிடும். இதைக் கெடுப்பது வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான். தண்ணீர் தேங்கினால் தண்டு அடியிலிருந்து அழுகும். மழை பிடிப்பதற்குள் தொட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இரண்டு குச்சியைத் தனியாக நட்டுவைத்துவிடுவேன். தாய்ச்செடி போனாலும் பஜ்ஜிக்கு இலை இருக்கும்.

அடுத்தது புதினா. கடையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்தபின் தடித்த தண்டுகளைத் தண்ணீரில் போட்டுவைத்தால் சில நாளில் வேர் விடும். இது ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் ஓடுகிற செடி. உயரமான சின்னத் தொட்டியில் வைத்தால் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் மொட்டையாகிவிடும். ஆழம் குறைந்த அகலமான டப்தான் இதற்கு ஏற்றது. வருடத்துக்கு ஒருமுறை பெயர்த்துப் பிரித்து, புது மண்ணில் வைக்கவேண்டும். மதிய வெயில் நேராக விழக்கூடாது. வல்லாரைக்கும் இதே நிழலும் ஈரமும் பிடிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

துளசிக்கு வெயில் வேண்டும். கதிர் வந்ததும் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக்கிளை விட்டு அடர்ந்து வரும். விட்டுவிட்டால் விதை முற்றி, செடி குச்சியாகிவிடும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளிக்கிறேன். அதற்குப் பிறகு சில நாள் இலையைப் பறிப்பதில்லை. திருநீற்றுப்பச்சிலையும் இதே இனம், இதே பராமரிப்பு. சப்ஜா விதை இதிலிருந்துதான் வருகிறது.

கொத்தமல்லியை மார்கழி, தை மாதங்களில் மட்டும் போடுகிறேன். தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக்கி, நேராகத் தொட்டியிலேயே தூவிவிட வேண்டும். ஆணிவேர் உள்ள செடி, பெயர்த்து நட்டால் சிரமப்படும். வெயில் ஏறியதும் இலை குறைந்து பூவுக்குப் போய்விடும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது. கோடையில் கடையில் வாங்குவதே நல்லது.

கறிவேப்பிலையைச் சின்னத் தொட்டிக்கு நான் சொல்லமாட்டேன். அது மரம். 6 அங்குலத் தொட்டியில் உயிரோடு இருக்கும், ஆனால் தாளிக்கிற அளவுக்கு இலை தராது. பெரிய டிரம் வைக்க இடமிருந்தால் பார்க்கலாம். ரோஸ்மேரி ஆசையும் வேண்டாம். நீலகிரிக் குளிரில் நன்றாக வரும் செடிக்கு நம் ஊர்ப் புழுக்கம் ஒத்துவராது.

மண்ணுக்குச் செம்மண், தென்னைநார்த் தூள், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலக்கிறேன். தென்னைநார்க் கட்டியை ஊறவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவது முக்கியம், அதில் உப்பு இருக்கும். மண்தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும், ஆனால் சீக்கிரம் காயும். அதில் கற்பூரவல்லி சரி, புதினா சரிவராது.

அப்புறம், எதையும் கவனிக்க நேரமில்லை என்பவர்களுக்குப் பிரண்டை. ஒரு கணுவை நட்டு, கம்பியில் ஏற்றிவிட்டால் போதும். துவையலுக்கு இளந்தண்டாகப் பறியுங்கள். நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். எண்ணெயில் நன்றாக வதக்கித்தான் அரைக்கவேண்டும்.