பெட்டியில் 48 வோல்ட், உள்ளே ஐந்தே செல்: டிரில் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோவையில் ஒரு ஹார்டுவேர் கடையில் பேட்டரி டிரில் வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். புகார் நடப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை. ஆனால் இதே மாதிரிப் பெட்டி எல்லா ஊர்களிலும், ஆன்லைனிலும் விற்கிறது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

புது வீட்டில் கர்ட்டன் ராடு, சாமி ஸ்டாண்டு, பாத்ரூம் கண்ணாடி என்று சுவரில் துளை போடும் வேலை நிறைய இருந்தது. கடைக்காரரிடம் தெளிவாகவே கேட்டேன்: "கான்கிரீட்டுல ஓட்டை போடணுங்க, மரத்துக்கும் வேணும், ஸ்க்ரூவும் முடுக்கணும்."

"எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதுங்க சார். 48 வோல்ட், பிரஷ்லெஸ், ஹேமர் மோடும் இருக்குது. வயர் டிரில்லெல்லாம் இப்ப யாரு வாங்கறாங்க?" என்றார். ஒரு மரப்பலகையை எடுத்து ஓட்டியும் காட்டினார். சர்ரென்று இறங்கியது. இரண்டு பேட்டரி, பெட்டி நிறைய பிட், எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குச் சற்றுக் கீழே. பில் கேட்டதற்கு, "பில்லுன்னா ஜிஎஸ்டி சேர்ந்துக்குமுங்க" என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டைக் கொடுத்தார்.

செங்கல் சுவரில் 6 மி.மீ. துளை எப்படியோ விழுந்தது. ஜன்னலுக்கு மேலே போனதும் சாயம் வெளுத்துவிட்டது. கர்ட்டன் ராடு மாட்டும் இடம் பெரும்பாலும் லிண்டல் மேல்தான் வரும். அது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். மேல்பூச்சு உதிர்ந்ததோடு சரி, அதற்குமேல் பிட் நகரவில்லை. நுனி கருத்துப் போனது. மோட்டார் பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் நீலப் பொறி பறந்தது. வயர் கருகும் நாற்றத்தோடு டிரில் நின்றுவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "நீங்க ஓவர்லோடு குடுத்துட்டீங்க, பீம்லயெல்லாம் இதை வெக்கக் கூடாது" என்றார். கான்கிரீட்டுக்குத்தான் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன் என்றேன். சீட்டின் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெற இயலாது' என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார். மாற்றியும் தரவில்லை, சர்வீஸ் எங்கே என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

எங்கள் தெருவில் மோட்டார் வைண்டிங் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் பேட்டரியைத் திறந்து பார்த்துவிட்டு, "அஞ்சு செல்லு தானுங்க தம்பி இருக்குது, 48 எங்கிருந்து வரும்?" என்றார். கணக்கு எளிது. ஒரு லித்தியம் அயான் செல் சாதாரணமாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. நல்ல கம்பெனிகள் '18 வோல்ட்' என்றும் '20 வோல்ட் மேக்ஸ்' என்றும் போடுவது இதே ஐந்து செல் அமைப்பைத்தான். 48ஐ நெருங்கவே பதின்மூன்று செல் தொடராக வேண்டும். கையடக்கப் பேட்டரிக்குள் அது அடங்காது. இரண்டாவது பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து மீட்டர் வைத்துப் பார்த்தார், 21ஐக்கூடத் தொடவில்லை. பிரஷ்லெஸ் என்பதும் பொய். பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பன் பிரஷ்ஷே கிடையாது, அந்தப் பொறி வர வழியே இல்லை. இதில் சின்னதாக இரண்டு கார்பன் பிரஷ் தேய்ந்து கிடந்தன.

இந்தப் பெட்டிகளில் 48, 88, 98 என்று எந்த எண்ணும் அச்சாகலாம். எண்ணைப் பார்க்காதீர்கள், செல் எத்தனை என்று கேளுங்கள்.

பிறகு அந்த அண்ணன் சொல்லித்தான் வயர் உள்ள இம்பாக்ட் டிரில் வாங்கினேன். நம் ஊர் வீட்டுக்குக் குறைந்த செலவில் பல வேலைக்கு ஆவது இதுதான் என்பது என் முடிவு. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் 13 மி.மீ. சக், 500 முதல் 650 வாட், விசையை அழுத்துவதற்கேற்ப வேகம் மாறும் வசதி, ரிவர்ஸ், ஹேமரை (பிட்டை அதிரவைத்துச் சுவரில் அடிக்கும் வசதியை) நிறுத்தும் சுவிட்ச். இவ்வளவு இருந்தால் செங்கல், மரம், தகடு எல்லாம் நடக்கும். ஸ்க்ரூ பிடிக்கச் சுவரில் செருகும் ரால் பிளக்குக்கான 6, 8 மி.மீ. துளையைக் கொஞ்சம் பொறுமையாக அழுத்திக் கான்கிரீட்டிலும் போட்டுவிடலாம். மரத்திலும் இரும்பிலும் ஹேமரை அணைத்துவிட வேண்டும். சாதாரண ப்ளக் பாயிண்டே போதும், மூன்று ஆம்பியர் அளவில்தான் இழுக்கும்.

பீம், தூண், சிலாபில் பெரிய துளைகள் நிறைய என்றால் இம்பாக்ட் டிரில்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதில் இரண்டு பல்தகடுகள் உரசித்தான் அதிர்வு வருகிறது, அழுத்தம் நம் கையிலிருந்து போக வேண்டும். அதற்கு ரோட்டரி ஹேமர் என்று தனிக் கருவியே இருக்கிறது, அதில் உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தித் தானே அடிக்கிறது. அதற்கென்றே உள்ள எஸ்டிஎஸ் வகை பிட் சாதாரண சக்கில் சேராது. சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, நாள் வாடகைக்குக் கிடைக்கிறது.

கடையில் ஓட்டிக் காட்டினால் மரப்பலகையை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கான்கிரீட் துண்டில் காட்டச் சொல்லுங்கள். கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேளுங்கள். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம் இருக்க வேண்டும். என் பெட்டியில் முகவரியே இல்லை.

'திரும்பப் பெற இயலாது' என்று அச்சடித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்து விடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கெடு. பில் தராததும் அதே வகைக் குற்றச்சாட்டில்தான் வரும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

1915 எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். முழுப் பணமும் கேட்டிருக்கிறேன், இதுவரை வரவில்லை. எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, பெட்டியின் ஆறு பக்கப் படங்கள், திறந்த பேட்டரியின் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது. இதே பெட்டியோடு மாட்டிக்கொண்டவர்கள் டிரில்லைத் தூக்கி எறியாமல் இவற்றையெல்லாம் சேர்த்து வையுங்கள். அந்தப் பேட்டரியை மட்டும் இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுத் தூங்காதீர்கள்.